பஸ் ஒத்துக்காத குடும்பம்

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரியகடை வீதியில், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஒரு மேட்சிங் சென்டர் இருக்கிறது. புடவையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற பெண்களுக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை எடுத்துப் போடுவதுதான் முருகானந்தத்தின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே கவுண்டர். மயில்கழுத்துப் பச்சையிலேயே பதினோரு பச்சை உண்டு என்பார். எது எந்தப் புடவைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "ஜாக்கெட்டுக்குப் பொருத்தம் பாக்கத் தெரிஞ்ச எனக்கு மத்த எதுக்கும் பாக்கத் தெரியலைங்க" என்று இப்போதெல்லாம் வாடிக்கைக்காரர்களிடம் அவரே சொல்லிச் சிரிக்கிறார். தன்னைக் கிண்டல் செய்ய அவர் வெளியாளைத் தேடுவதில்லை. அதிலும் ஒரு சிக்கனம்.

எல்லாம் மகள் கலைமதி பிறந்த வாரத்தில் ஆரம்பித்தது. குழந்தையைப் பார்க்கத் திருவெள்ளறையிலிருந்து பெரியப்பா மகன் வீரமலை வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், முகத்தில் எழவு வீட்டுக் களை. மூத்தவனை இன்ஜினியரிங் சேர்க்க ரோட்டோர வயலை விற்றுவிட்டாராம். "எனக்காவது விக்க வயல் இருந்துச்சுப்பா. நீ என்னத்த விப்ப?" என்று கேட்டுவிட்டுப் பழத்தில் ஒன்றை உரித்து அவரே தின்றார். முருகானந்தத்தின் பங்கு நிலம் எப்போதோ கைமாறிவிட்டது. அன்று ராத்திரி முழுக்க யோசித்தார். விற்க ஒன்றும் இல்லாதவன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். மறுநாள் காலை டீயை நிறுத்தினார்.

டீயோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் வாடகை வீடு. அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டிக் கடைக்கு நடை, திரும்பி வீட்டுக்கு நடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பத்தோடு கோயில். பெருமாளைச் சேவிக்கத்தான் போகிறோம் என்பார். ஆனால் அன்னதான வரிசை எந்நேரம் குறையும் என்பது அவருக்குத்தான் தெரியும். குழந்தைக்குக் கவுன் எல்லாம் கடையில் வெட்டி மிச்சமான பிட்டுத் துணி. முன்பக்கம் வாடாமல்லி, முதுகு இலைப்பச்சை, கை இரண்டும் ஆளுக்கொரு மஞ்சள். தென்னூரில் தையல் மெஷின் வைத்திருந்த ரோஷன் பேகம்தான் பாதிக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பார். "அண்ணே, புள்ளைக்குத் தைக்கிறோமா, கடைக்கு சாம்பிள் தைக்கிறோமா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டார்.

வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில். மிக்ஸி மாற்றலாமா? காலேஜுக்கு ஆகும். கொடைக்கானலாம், எல்லாரும் போகிறார்களாம்? காலேஜுக்கு ஆகும். நாலு வயதில் கலைமதி பயந்துபோய் அம்மாவிடம் கேட்டாள்: "அம்மா, காலேஜ் மாமா நம்ம வீட்டுக்கு எப்ப வருவாரு? வந்தா எல்லாத்தையும் தின்னுடுவாரா?" அம்மா ஜோதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஏற்கனவே தின்னுக்கிட்டுத்தான் இருக்காரு, நீ தூங்கு" என்றாள்.

இவ்வளவும் செய்கிற மனிதருக்கு ஒரு ரோஷம் உண்டு. ஏழை என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார். பிசினாறி என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அங்கேதான் அவர் புத்தி போன போக்கைப் பார்க்க வேண்டும். கலைமதிக்கு ஆறு வயது. ஒரு சாயங்காலம் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கும்போது இவளுக்கும் ஒன்று நீட்டினார். இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு அவர் பிள்ளைகள் மூன்று பேருக்கும் இவர் வாங்கித் தர வேண்டும். முருகானந்தம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "ஐயோ, வேணாங்க. பாப்பாவுக்கு வீசிங் இருக்கு. டாக்டர் ஆகவே ஆகாதுன்னுட்டாரு." குழந்தை ஐஸ்கிரீமைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது, ஓவென்று அழுதது. "பாருங்க, அழுதாலே இரைக்குது" என்றார்.

பொய் சொல்வது இத்தனை சுலபம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. தீபாவளிக்குப் பட்டாசு இல்லை, ஏனென்றால் கலைமதிக்குப் புகை, தூசி அலர்ஜி. கல்யாண வீடுகளுக்கு ஸ்வீட் டப்பா வாங்கிப் போவதில்லை, ஏனென்றால் ஜோதிக்குச் சுகர், இனிப்பைக் கையால் தொட்டாலே ஏறிவிடும். தான் நடந்து போவது கொலஸ்ட்ராலுக்கு. "நம்ம வீட்டு வாசல்ல சிகப்புக் கூட்டல் குறி ஒண்ணுதான் பாக்கி" என்பாள் ஜோதி. அதிலும் கொடுமை, ரோஷன் பேகம் வீசிங் சங்கதியை உண்மையென்று நம்பிவிட்டார். பாவம், நல்ல மனுஷி. மாதம் தவறாமல் தூதுவளை லேகியம் கிண்டி எடுத்துவந்து எதிரிலேயே நின்று கலைமதிக்கு ஊட்டுவார். ஒரு நோயும் இல்லாத பிள்ளை, அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கசப்பை விழுங்கும். முருகானந்தம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியிலிருந்து மகளை நிறுத்தி அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார். "ஸ்கூலுக்குக் கொட்டுற காசை இப்பவே காலேஜுக்குச் சேர்த்துட்டா?" என்று கணக்குச் சொன்னார். ஜோதி பதினெட்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பதினெட்டு நாளில் செல்போன் ரீசார்ஜ் செய்ய வேண்டிய அவசியம் வரவில்லை என்பதையும் அவர் கவனித்தார்.

புதுப் பள்ளியில் வருஷா வருஷம் டூர். மைசூர், ஒகேனக்கல், ராமேஸ்வரம். வருஷா வருஷம் முருகானந்தமும் டூர் பொறுப்பில் இருந்த ஜென்சி டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என் மகளுக்கு மூச்சிரைப்பும் தூசி ஒவ்வாமையும் உண்டு, பேருந்துப் பயணமும் ஒத்துக்கொள்ளாது, வாந்தி மயக்கம் வரும், ஆகவே சுற்றுலாவிலிருந்து விலக்களிக்கும்படி பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றானபோது இதில் ஒரு சங்கடம் வந்தது. கலைமதி தினமும் பஸ்ஸில் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். "ஏன் சார், பஸ் ஒத்துக்காதுன்னு எழுதுனீங்களே?" என்று ஜென்சி டீச்சர் வெள்ளந்தியாகக் கேட்டார். முருகானந்தம் அசரவில்லை. "டவுன் பஸ் ஒத்துக்கும் டீச்சர். டூர் பஸ்தான் ஒத்துக்காது." கலைமதி பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒருநாளும் அப்பாவைக் காட்டிக் கொடுத்ததில்லை.

அந்தப் பெண் பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள். விவசாயம்தான் படிப்பேன் என்றாள். ஜென்சி டீச்சர் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து, தானே விண்ணப்பத்தை நிரப்பினார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் ஐந்து மணி நேரம் தள்ளி ஓர் ஊரில், அரசு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. "பீஸ், ஹாஸ்டல் எதுவும் நீங்க கட்ட வேணாம் சார், எல்லாம் அரசாங்கம் கட்டிடும்" என்றார் டீச்சர்.

"ஏழரைன்னா சனிதானே டீச்சர்?" என்றார் முருகானந்தம். அவரால் நம்ப முடியவில்லை. பதினெட்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த காலேஜ் மாமா வாசலோடு வந்து சும்மா போய்விடுவாரா? அங்கே போனால் அதற்கு இதற்கு என்று கறந்துவிடுவார்கள் என்று வங்கிக்குப் போய் ஒரு லட்சத்தை ரொக்கமாக எடுத்தார். ரோஷன் பேகம் பிட்டுத் துணியில் தைத்துக் கொடுத்த பையில் போட்டு ஜோதியின் இடுப்பில் கட்டினார். மூவரும் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினார்கள். வழியனுப்ப வந்த ஜென்சி டீச்சர் மறக்காமல் கலைமதி கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். ஐந்து மணி நேரமும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கண் கொட்டாமல், தாண்டிப் போகிற ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். எலுமிச்சம்பழத்தை ஒருமுறைகூட முகர்ந்து பார்க்கவில்லை.

கல்லூரிக் கூடத்தில் நூறு பெற்றோராவது இருப்பார்கள். மேஜைக்குப் பின்னால் பேராசிரியர் அருள்நாதன் ஒவ்வொரு விண்ணப்பப் பாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைமதியின் பாரம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீசிங், தூசி அலர்ஜி, பஸ் பயணத்துல வாந்தின்னு போட்டிருக்கே. யாரும்மா நிரப்புனது?"

"எங்க டீச்சர் சார்."

டீச்சர் பேரில் என்ன தப்பு? உடல்நலக் குறைபாடு ஏதும் உண்டா என்று பாரம் கேட்டிருக்கிறது. ஏழு வருஷக் கடிதங்களை நம்பி அந்த அம்மாள் அக்கறையாக எழுதியிருக்கிறார்.

"இது உக்காந்து படிக்கிற படிப்பு இல்லைங்க" என்றார் அருள்நாதன். "பாதி நாள் வயல்ல நிக்கணும். கதிரடிக்கிற தூசி, உமி, மருந்து வாடை எல்லாம் இருக்கும். கிராமத்துல போயித் தங்கணும், ஊர் ஊரா பஸ்ஸுல போகணும். நாளைக்குப் புள்ள மூச்சு முட்டி விழுந்துட்டா யாரு பொறுப்பு? இதுல எழுதியிருக்கிறது உண்மைன்னா நான் சேர்க்க முடியாது. அஞ்சு மணிக்கு அட்மிஷன் முடியுது. சேரலைன்னா சீட்டு அடுத்த புள்ளைக்குப் போயிடும். சொல்லுங்க, உண்மையா இல்லையா?"

கலைமதி தரையைப் பார்த்தாள். 'இல்லை சார்' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு, நூறு பேருக்கு முன்னால், எங்கப்பா பொய்யர் என்று அர்த்தம். அவள் வாயைத் திறக்கவில்லை. லேகியத்தை விழுங்கிய அதே முகம். சீட்டே போனாலும் இவள் சொல்லமாட்டாள் என்று முருகானந்தத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"இல்லைங்க" என்றார் மெதுவாக.

"என்னது? ஃபேன் சத்தத்துல கேக்கலை."

"அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க! செலவாகும்னு நான்தான் பொய் சொன்னேன்!"

அவர் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. கூடமே திரும்பிப் பார்த்தது. ஆரம்பித்த பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. "ஐஸ்கிரீம் வாங்கித் தரணுமேன்னு வீசிங்னு சொன்னேன். பட்டாசு வாங்கணுமேன்னு அலர்ஜின்னு சொன்னேன். டூருக்குக் காசு கட்டணுமேன்னு பஸ் ஒத்துக்காதுன்னு லெட்டர் எழுதினேன். ஏழு லெட்டர். இதோ நிக்கிறாளே என் சம்சாரம், இவளுக்குச் சுகர் கிடையாது. எனக்குக் கொலஸ்ட்ராலும் கிடையாது. எல்லாம் காலேஜுக்குன்னுதாங்க சேர்த்தேன். நான் ஒரு பிசினாறிங்க, வேற ஒண்ணுமில்ல."

பின்வரிசையில் ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்தார். பிறகு பாதிக் கூடம் சிரித்தது. ஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குத்தாங்க எனக்குச் சுகர் குணமாச்சு" என்றாள். அருள்நாதனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் அதிகாரி. "அதை அப்படியே எழுதிக் கொடுங்க. டாக்டர் ஒருதரம் பாத்துடட்டும்" என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

முருகானந்தம் எட்டாவது கடிதத்தை எழுதினார். ஐயா, என் மகள் செல்வி கலைமதிக்கு மூச்சிரைப்போ, ஒவ்வாமையோ, பயணத்தில் வாந்தியோ எக்காலத்திலும் இருந்ததில்லை. அவை யாவும் பணம் மிச்சம் பிடிப்பதற்காக என்னால் சொல்லப்பட்டவை. 'தங்கள் உண்மையுள்ள' என்று வழக்கம்போல முடித்தவர், அந்த இரண்டு வார்த்தையை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். கல்லூரி டாக்டர் கலைமதியை மூன்று மாடி ஏறி இறங்கச் சொன்னார், மூச்சைக் கேட்டார், "குதிரைக்குட்டி மாதிரி இருக்கா" என்று கையெழுத்துப் போட்டார்.

பணம் கட்டும் ஜன்னலில் வேறு கூத்து. "உங்களுக்கு ஒண்ணும் கிடையாது, போகலாம்" என்றார் கிளார்க்.

"ஹாஸ்டலுக்கு?"

"அதுவும் கிடையாது."

"டெபாசிட், கிபாசிட்டு ஏதாவது? கொண்டுவந்திருக்கோங்க." ஜோதியின் இடுப்பைக் காட்டினார்.

"சார், உங்ககிட்ட பத்து ரூபா வாங்கினா எனக்கு வேலை போயிடும். தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க."

தள்ளி நின்றார். பணத்தை வாங்கமாட்டேன் என்று ஒருவர் விரட்டினால் ஒரு மனிதனுக்கு இத்தனை அவமானமாக இருக்கும் என்று அவர் கண்டாரா!

ஹாஸ்டலில் விடுவதற்கு முன் ஒரு மணி நேரம் இருந்தது. கல்லூரி வாசலுக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஐஸ்கிரீம் கடை. முருகானந்தம் யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "பாப்பா, எது வேணுமோ சொல்லு" என்று மெனு அட்டையை மகள் முன்னால் வைத்தார். கலைமதியின் கண் நேராக வலது பக்கம் போனது. விலை இருக்கிற பக்கம். மேலிருந்து கீழே ஓடி, இருப்பதில் குறைந்த எண்ணில் வந்து நின்றது. எந்த ஹோட்டலிலும் அவர் கண் செய்கிற வேலை அது. தன் மூக்கையும் காதையும்போல அதையும் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்.

சட்டென்று உள்ளங்கையை வைத்து விலையை மறைத்தார். "அந்தப் பக்கம் பாக்காதடா. இந்தப் பக்கம் பாரு. எது பிடிக்கும்?"

அவள் இடது பக்கத்தைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு சங்கடமாகச் சிரித்தாள்.

"எது நல்லா இருக்கும்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அவருக்கும் தெரியவில்லை. ஜோதிக்கும் தெரியவில்லை. கடைசியில் கடைப் பையனே மூன்று கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். கலைமதி மூன்று கரண்டி சாப்பிட்டாள். "பல்லு கூசுதுப்பா, போதும்" என்று நகர்த்தி வைத்தாள். கோபமில்லை, குத்தலும் இல்லை, நிஜமாகவே கூசியிருக்கிறது. அம்மா மண்டபத்தில் ஓவென்று அழுத ஆறு வயதுக் குழந்தைக்கு இனி எங்கே போய் வாங்கிக் கொடுப்பது? ஒரு லட்சம் இடுப்பில் இருந்தும் அதற்கு வழி முருகானந்தத்துக்குத் தெரியவில்லை. அழுகையாக வந்தது. ஆனால் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது, காசு கொடுத்த ஐஸ்கிரீம். அவளுடையதைத் தின்றார், பாதியில் ஜோதி வைத்ததைத் தின்றார், தன்னுடையதையும் தின்றார்.

ஹாஸ்டல் வாசலில் கலைமதி அந்த எலுமிச்சம்பழத்தை அம்மாவிடம் கொடுத்தாள். "அப்பா, ஊர்ல இறங்கி வீட்டுக்கு நடக்காதீங்க. பஸ்ஸுல போங்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடினாள். படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

இருவரும் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். முருகானந்தம் மனசுக்குள் வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். சேர்த்த காசு சல்லிக்காசுக்குப் பிரயோஜனப்படவில்லை. சீட்டு வாங்கிக் கொடுத்தது அவர் கட்டாமல் விட்ட ஸ்கூல் பீஸ். அப்படியானால் கஞ்சத்தனம்தான் காலேஜில் சேர்த்தது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். தூக்கப் போனால் அந்த ஐஸ்கிரீம் அட்டை கண்முன் வந்து நிற்கிறது. படித்தது அவள், நம்பியது டீச்சர், கசப்பை விழுங்கியதும் அவள். இதில் தனக்கென்று என்ன மிச்சம் என்று அவருக்குப் புரியவில்லை.

"ஏங்க" என்றாள் ஜோதி. "அந்தக் காசை என்ன பண்ணப் போறீங்க?"

"அதான் யோசிக்கிறேன்."

"அவ கல்யாணத்துக்குன்னு மட்டும் ஆரம்பிச்சீங்க, ஓடுற பஸ்ஸுல இருந்து குதிச்சிடுவேன், ஆமா."

அதைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூட முடியவில்லை. குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மூன்று கிண்ணமும், ஒன்று விடாமல், நெடுஞ்சாலை ஓரமாய்ப் போய்ச் சேர்ந்தன. ஜோதி தலையைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள், எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவர் மூக்குக்கு நேரே வைத்தாள்.

கண்டக்டர் எழுந்து வந்தார். "என்ன சார், பஸ் ஒத்துக்காதா?"

"ஆமாங்க" என்றார் முருகானந்தம், பழக்க தோஷத்தில். "எங்க வீட்டுல யாருக்குமே ஒத்துக்காதுங்க."

சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லைங்க. எனக்கு மட்டும்தான்."